என் மகனுக்கு வேலை போகவில்லை

  பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் பழக்கம், மணி அடிக்கும்வரை நிறுத்த வராது. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஒரு அறிவிப்பு. என் மகனுக்கு வேலை போகவில்லை. உடம்புக்கும் ஒன்றும் இல்லை. கோயம்புத்தூரை விட்டுவிட்டு செம்மேட்டில் கடை வைக்கப் போகிறான் என்று யாரோ கிளப்பிவிட்டதும் பொய். அவன் இரண்டு மாதம் எங்கள் வீட்டில் இருந்ததற்குக் காரணம் ஒன்றுதான். அவனுக்கு மகள் பிறந்திருந்தாள்.

இதை ஊரறியச் சொல்ல வேண்டிய நிலைமை ஏன் வந்தது என்று சொல்கிறேன். முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பதுதான் நம் வழக்கம். ஆனால் சம்பந்தியம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து அவரே ஒரு ஆள் பிடித்துத்தான் எழுந்து நடக்கிறார். அதனால் ஆவணியில் நாமக்கல்லில் பிரசவம் முடிந்ததும் மருமகளையும் பாப்பாவையும் நேரே மலைக்குக் கூட்டி வந்துவிட்டோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. பாப்பா எழுபதிலும் தூங்கினாள். வாந்தி எடுத்தது அவள் அப்பா.

முப்பதாம் நாள் பேர் வைக்கும்போது சொந்தக்காரர்கள் கீழேயிருந்து வந்திருந்தார்கள். எனக்கு அண்ணன் முறை ஆகும் ஒருவர் காரிலிருந்து இறங்கியதுமே, கொடியில் பாப்பா துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மகனைப் பார்த்துவிட்டார். "ஏன்டா மாப்ளே, வேலை கீல போயிருச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அத்தோடு விட்டிருக்கலாம். இலையில் உட்கார்ந்த பிறகு என்னிடம், "ஏம்மா டீச்சரு, ஒரு மாசச் சம்பளத்த விட்டுட்டு பீத்துணி அலசறதுக்கா இவ்வளவு படிக்க வச்சே?" என்றார். அன்று வாயை மூடிக்கொண்டு பாயசம் ஊற்றினேன். வீட்டுக்கு வந்த விருந்தாளி. இப்போது விருந்து முடிந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. அண்ணன் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர். அவருக்கும், அன்று அவரோடு சேர்ந்து சிரித்தவர்களுக்கும்தான் இந்தப் பதிவு.

அந்த இரண்டு மாதத்தில் வீடு எப்படி இருந்தது என்று கேளுங்கள். இரண்டு கிலோ எண்ணூறு கிராம் எடையில் ஒரு ஆள் வந்து, மொத்தம் முன்னூறு கிலோ எடையுள்ள ஐந்து பெரியவர்களைத் தூங்கவிடாமல் அடித்தது. சம்பந்தியம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே உத்தரவு போடுவார். எங்கள் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். மலையில் அது மழைக்காலம், கொடியில் போட்ட துணி காய மூன்று நாள் ஆகும். அடுப்படியில் கயிறு கட்டி, கரி அடுப்பு வைத்து, ரேஷன் கடை வரிசை மாதிரி துணி தொங்கும். சாம்பார் வாசமும் சாம்பிராணி வாசமும் பாப்பா துணி வாசமும் கலந்து ஒரு வாசம். பெற்று வளர்த்தவர்களுக்குத் தெரியும், சொல்லி விளக்க முடியாது.

பாப்பா அழுதால் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து வீட்டம்மா "உரம் விழுந்திருக்கு, முறத்தில் போட்டு உருட்டு" என்பார். பால்காரர் "வயித்து வலிங்க, வசம்பு சுட்டு வைங்க" என்பார். சம்பந்தியம்மா "கண்ணு பட்டிருக்கு" என்று நாற்காலியிலிருந்தே உப்பு கேட்பார். நாத்தனார் போனிலேயே "பால் பத்தல" என்று தீர்ப்பு சொல்வார், அதைக் கேட்டு மருமகள் கண் கலங்குவாள். கடைசியில் ஊசி போட வந்த இடத்தில் செவிலியர் தங்கச்சி சொன்னது: பிறந்த குழந்தை அழுவது ஒன்றரை மாதத்தில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். காரணம் இல்லாமலும் அழும். அதுவரை தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும். என் வாதமும் அந்த ஒரு வரிதான்.

"ஆம்பள என்ன பாலா குடுக்க முடியும்?" என்று அண்ணன் அன்று கேட்டார். கேள்வி நியாயம்போலத் தெரியும். ஆகவே கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்காம் வகுப்புக் கணக்குதான், பயப்படாதீர்கள். பச்சைக் குழந்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பால் குடிக்கிறது, தடவைக்கு 25 நிமிடம் என்று வையுங்கள். 250 நிமிடம். அதாவது 4 மணி 10 நிமிடம். 24 மணி நேரத்தில் இதைக் கழித்தால் மீதி 19 மணி 50 நிமிடம். இந்தப் பத்தொன்பது மணி ஐம்பது நிமிடத்துக்கு மார்பு வேண்டாம், கை போதும். தோளில் போட்டு ஏப்பம் விட வைக்க, துணி மாற்ற, அலச, உலர்த்த, தூளி ஆட்ட, தூளியில் போட்டதும் முழித்துக்கொண்டால் திரும்பத் தூக்க. இதில் எது ஆண் உடம்பால் ஆகாத வேலை? "குழந்தைதான் பாதி நேரம் தூங்குமே" என்பீர்கள். தூங்கும், ஆனால் ஒரே மூச்சிலா தூங்குகிறது? முக்கால் மணிக்கு ஒரு தரம் எழுந்து நாம் இருக்கிறோமா என்று வருகைப் பதிவு எடுக்கும்.

ஒன்பதாம் நாள் ராத்திரி மருமகள் காரணமே இல்லாமல் அழுதாள். பால் நன்றாகத்தான் இருந்தது, தையலும் ஆறிக்கொண்டுதான் இருந்தது. "எனக்கே தெரியல அத்தை" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பிரசவமானவர்களில் பாதிப் பேருக்கு மேல் முதல் இரண்டு வாரத்தில் இப்படி வரும், பெரும்பாலும் தானாகச் சரியாகும், இரண்டு வாரம் தாண்டியும் விடவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நம் காலத்தில் இதற்குப் பெயர் "சீக்காளி மாதிரி நடிக்கிறா". அன்று ராத்திரி என் மகன் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை திண்ணையில் நடந்தான். மருமகள் ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி எழுந்தாள். மறுநாள் முகமே வேறு. என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று சம்பந்தியம்மா கேட்டார். தூக்கம்தான் கொடுத்தோம்.

இனி என் கதைக்கு வருகிறேன். இதை இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை.

என் மகன் பிறந்தது 1991-ல். அப்போது தமிழ்நாட்டு அரசு ஊழியருக்குப் பேறுகால விடுப்பு 90 நாள்தான். பிறந்த பிறகு ஒரு நாளாவது கூடுதலாகக் குழந்தையோடு இருக்கலாமே என்று, நிறைமாத வயிற்றோடு பஸ்ஸில் இந்த வளைவுகளில் ஏறி இறங்கினேன். லீவு முடிந்ததும் மூன்று மாதக் குழந்தையைச் சேந்தமங்கலத்தில் என் அம்மாவிடம் விட்டுவிட்டு மலைக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில் ஏறினால் வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகுதான் வீடு. பதினோரு மணி ஆனால் அங்கே அவன் பசியில் அழுவானோ இல்லையோ, இங்கே எனக்குப் பால் கட்டிக்கொள்ளும். ரவிக்கை நனைந்துவிடும் என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கரும்பலகை பக்கமே திரும்பி நின்று பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த வருஷம் என்னிடம் படித்தவர்கள், "டீச்சர் ஏன் எப்பவும் போர்டையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க" என்று நினைத்திருப்பீர்கள். இதுதான் காரணம். இடைவேளையில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் செம்பருத்திச் செடி ஓரமாகப் போய்ப் பீய்ச்சிவிட்டு வருவேன். செடி நன்றாகப் பூத்தது.

ஒரு நாள் வகுப்பு நடக்கும்போது பஸ் கண்டக்டர் ஓடி வந்து, "டீச்சர், உங்க பையன் குப்புற விழுந்துட்டானாம்! அம்மா சொல்லிவிட்டாங்க" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. கட்டிலிலிருந்தா, திண்ணையிலிருந்தா, அடி எங்கே பட்டது என்று கத்துகிறேன். அவர் திருதிருவென்று முழித்தார். பின்னால் வந்த ஆயாம்மாதான் சிரித்துக்கொண்டே, "குழந்தை குப்புற விழுகற மாசம்தானுங்க டீச்சர்" என்றார். அன்று பிள்ளைகளோடு சேர்ந்து நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். ராத்திரி குவார்ட்டர்ஸில் தனியாகப் படுத்திருக்கும்போதுதான், அவன் முதல்முதலாகப் புரண்டதை நான் பார்க்கவில்லை என்பது உறைத்தது.

அவன் அப்பா எங்கே இருந்தார்? நாமக்கல்லில் கூட்டுறவுச் சங்க வேலை. ஞாயிற்றுக்கிழமை வருவார். பிஸ்கட், காரச்சேவு வாங்கி வருவார், குழந்தையைப் பார்ப்பார், "தலை நிக்கட்டும், அப்புறம் தூக்கறேன்" என்பார். தலை நின்ற பிறகு "உக்காரட்டும்" என்றார். உட்கார்ந்த பிறகு அவன் இவரைப் பார்த்து அழ ஆரம்பித்துவிட்டான். (இதையெல்லாம் அவரிடம் படித்துக் காட்டி அனுமதி வாங்கித்தான் போடுகிறேன்.)

மனிதர் கெட்டவர் இல்லை. அந்தக் காலத்து ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் என்று சொல்லித்தான் நானும் இத்தனை வருஷம் சமாதானம் ஆகியிருந்தேன். ஆனால் ஆண்கள் தூக்காத குழந்தையை யாராவது தூக்கித்தானே ஆக வேண்டும்? யார் தூக்கினார்கள் என்று என் வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள். காபி பறிக்கும் மாசம், மிளகு பறிக்கும் மாசம் வந்தால் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பெண் பிள்ளைகள் பெயருக்கு நேரே வரிசையாக 'ஆ' விழும். ஆப்சென்ட். வீட்டுக்குப் போய்க் கேட்டால், "தம்பிப் பாப்பாவைப் பாக்க ஆளில்லைங்க டீச்சர்". ஒன்பது வயதுப் பெண், இடுப்பில் ஒரு குழந்தை. அம்மா தோட்டத்தில் இருப்பாள். அப்பாக்கள் பலரும் வேலைக்குப் போயிருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் சிலர் போகிற வழியில் டீக்கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு வணக்கமும் சொல்வார்கள். அவர்களிடம் போய், "நீங்க கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு பொண்ண அனுப்புங்க" என்று ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. எனக்கே தோன்றவில்லை. அதுதான் எனக்கு இன்றும் உறுத்தல்.

ஒரு பெண்ணை மட்டும் விட மனமில்லாமல், "தம்பியையும் தூக்கிட்டே வா" என்று சொல்லிவிட்டேன். உத்தரத்தில் என் பழைய சேலையில் தூளி கட்டினோம். ஒரு வருஷம் ஓடியது. ஒரு நாள் அறிவிப்பே இல்லாமல் ஏ.இ.ஓ. வந்துவிட்டார். தலையை எண்ணினார். "பதிவேட்டில் 32 இருக்கு, இங்கே 33 இருக்கேம்மா?" என்றார். "அது அஞ்சு வருஷம் கழிச்சு வர்ற அட்மிஷன் சார், இப்பவே வந்து இடம் பிடிச்சிருக்கு" என்றேன். நல்ல மனிதர், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பெண் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். தூளியில் கிடந்த தம்பி படித்தான். இன்று நல்ல வேலையில் இருக்கிறான், இந்தப் பதிவையும் படிப்பான். தம்பி, உன் பெயரைச் சொல்ல மாட்டேன். போன மாதம் நீ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், வீட்டில் குழந்தை அழுகைச் சத்தம் தாங்கவில்லை, ஆபீஸே சொர்க்கம் என்று போட்டிருந்தாய். நானும் சிரிப்புப் பொம்மை போட்டேன். போட்ட பிறகு எனக்கே பிடிக்கவில்லை, எடுத்துவிட்டேன். நீ அழுதபோதெல்லாம் உன்னைத் தூக்கிக்கொண்டு உன் அக்கா வகுப்புக்கு வெளியே நின்றாள். வகுத்தல் கணக்கை நான் நடத்தியபோது அவள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அவளுக்கு வகுத்தல் இன்றைக்கும் வராது. ஒரு தடவை அவளுக்குப் போன் செய்துவிட்டு உன் பிள்ளையைத் தூக்கு.

"இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்" என்று ஒரு கட்சி உண்டு. ஸ்வீடனில் 1974-லேயே அம்மா அப்பா இரண்டு பேருக்கும் பொதுவாகக் குழந்தை வளர்ப்பு விடுப்பு கொண்டு வந்துவிட்டார்கள், உண்மைதான். இப்போது மொத்தம் 480 நாள், அதில் 90 நாளை அப்பாதான் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் போய்விடும். ஆனால் நான் இதை ஸ்வீடனில் கற்றுக்கொள்ளவில்லை. இதே கொல்லிமலையில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மனைவி தவறிவிட்ட ஒருவர் கைக்குழந்தையைத் துண்டில் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சாமைக் காட்டில் களை எடுப்பார். குழந்தை அவர் முதுகில் எச்சில் ஒழுகத் தூங்கும். சாயந்திரம் கொதிக்கவைத்த வெந்நீர் ஊற்றி, காலை நீட்டிப் போட்டு, என் அம்மாவைவிட நன்றாகக் குளிப்பாட்டுவார். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வேறு வழியில்லை, கற்றுக்கொண்டார். ஆணுக்கு வராது என்பதெல்லாம் வேறு வழி இருக்கும்வரைதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்க்கலாம். எனக்கு 90 நாளாக இருந்த விடுப்பு 2011-ல் ஆறு மாதம் ஆனது, 2016-ல் ஒன்பது மாதம், 2021 ஜூலையிலிருந்து ஒரு வருடம். இப்போதுள்ள டீச்சர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமை இல்லை, நிம்மதிதான். தனியார் வேலையில் இருக்கும் பெண்களுக்கு 1961-ஆம் வருடத்துப் பேறுகாலப் பயன் சட்டம் இருந்தது. 2017-ல் அதைத் திருத்தி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஆக்கினார்கள். 50 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் சேர்த்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மாநில அரசு ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தரும் உதவி 2006-ல் ஆறாயிரமாக இருந்து 2018-ல் பதினெட்டாயிரம் ஆனது. எல்லாம் நல்லது, எல்லாம் போராடி வந்தது. ஆனால் இத்தனை திருத்தத்திலும் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு ஒரே ஒரு நாள்கூடக் கிடையாது. மத்திய அரசு ஆண் ஊழியருக்கு 1990-களிலிருந்தே 15 நாள் இருக்கிறது. மற்றவர்களுக்கும் வேண்டும் என்று ராஜீவ் சாதவ் என்ற எம்.பி. 2017-ல் தனிநபர் மசோதா கொண்டு வந்தார், சட்டம் ஆகவில்லை. சிக்கிமில் 2023-ல் அரசு ஊழியர்களுக்குத் தாய்க்கு ஒரு வருடம், தந்தைக்கு ஒரு மாதம் என்று அறிவித்தார்கள்.

அதே 2023 ஆகஸ்டில் நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு வழக்கு. தென்காசி மாவட்டத்தில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். மனைவியின் பிரசவத்துக்காக லீவு கேட்டார். கொடுத்தார்கள், பிறகு ரத்து செய்துவிட்டார்கள். அவர் வேலைக்குத் திரும்பாததால் பணியை விட்டு ஓடியவர் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். நீதிபதி விக்டோரியா கௌரி அந்த உத்தரவை ரத்து செய்து, தந்தைக்கான விடுப்புக்குத் தனிச் சட்டம் வர வேண்டும், இது பிறக்கும் குழந்தையின் உரிமையோடு சேர்ந்தது என்று சொன்னார். யோசித்துப் பாருங்கள். மனைவியின் பிரசவத்துக்குப் பக்கத்தில் இருந்த மனிதருக்கு நாம் வைத்த பெயர் 'ஓடிப்போனவர்'. உண்மையில் ஓடிப்போனவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கெல்லாம் நாம் முப்பதாம் நாள் மோதிரம் போட்டிருக்கிறோம்.

என் மகன் கம்பெனியில் கருணை காட்டி ஐந்து நாள் கொடுத்தார்கள். சேர்த்து வைத்திருந்த லீவையும் போட்டு, மீதிக்குச் சம்பளம் இல்லாத லீவு எழுதிக் கொடுத்தான். மேலதிகாரி, "உங்க வீட்ல லேடீஸ் யாரும் இல்லையா?" என்று கேட்டாராம். ஆக அண்ணனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கோட்டு போட்டவரும் அதையேதான் கேட்கிறார். ஒரு மாதச் சம்பளம் போனது உண்மைதான். அந்தக் காசில் காது குத்துக்கு இன்னும் இரண்டு கிடா வெட்டியிருக்கலாம். வெட்டியிருந்தால் அவனை யாரும் கேலி பேசியிருக்க மாட்டார்கள்.

"லீவு கொடுத்தா மட்டும் ஆம்பளைங்க குழந்தைய பாப்பாங்களாக்கும், காலை நீட்டி கிரிக்கெட் பாப்பாங்க" என்று என் தோழி ஒருத்தி சொல்கிறாள். சிலர் பார்ப்பார்கள்தான். ஆசிரியர் பயிற்சி முகாமில் பின் வரிசையில் குறட்டை விட்ட எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன், அதற்காக முகாமையா நிறுத்தினார்கள்?

லீவே இல்லாத வேலையில் இருப்பவர்களை நான் மறக்கவில்லை. என் மாணவர்களில் எத்தனையோ பேர் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் வடநாடு வடநாடாக ஆழ்துளைக் கிணறு போடப் போகிறீர்கள், லாரி ஓட்டுகிறீர்கள். அதில் ஒருவன் மகனை ஏழாவது மாதத்தில்தான் முதல்முதலாகப் பார்த்தான். தூக்கப் போனால் குழந்தை வீறிட்டுக் கத்தியது. "என்னைப் பாத்து பேயப் பாத்த மாதிரி அழுவறான் டீச்சர்" என்று சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னான். அவன் மனைவி பிறகு சொன்னாள், அன்று அவன் வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து வெகு நேரம் வரவில்லையாம். அவனைப் போன்றவர்களுக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை. அவனுக்குத் தினமும் கூலி போட்டால்தான் அடுப்பெரியும். ஆனால் லீவு எடுக்க முடிந்தும் வெட்கப்பட்டு எடுக்காதவர்கள், ஊரில் இருந்துகொண்டே ராத்திரி அழுகைச் சத்தத்துக்குப் பயந்து வாசலில் கட்டில் போட்டுக்கொள்பவர்கள், உங்களை விடமாட்டேன்.

பெண்களையும் விடமாட்டேன், என்னையும் சேர்த்துத்தான். மகன் பாப்பாவைக் குளிப்பாட்டப் போன முதல் நாள், "விடுடா, உனக்குத் தெரியாது, கழுத்து பத்திரம்" என்று பிடுங்கியது நான்தான். துணி மாற்றினால் "இப்படியா கட்டுவாங்க", தூளி ஆட்டினால் "இவ்வளவு வேகமா". நான்காம் நாள் அவன் கைகட்டி ஓரமாய் நின்றுவிட்டான். அன்று ராத்திரி எங்கள் வீட்டுக்காரரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், "அப்ப நீங்க ஏன் இவன தூக்கவே இல்ல?" என்று. முப்பத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "யாரு குடுத்தீங்க? உங்கம்மா வாசப்படியில நிக்க வச்சு காட்டிட்டு உள்ள கொண்டுபோயிருவாங்க. கை கழுவிட்டு வந்தேன், தெரியுமா, ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும்."

கை கழுவிவிட்டு வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை பாப்பாவைக் கொண்டுபோய் மகன் காலில் போட்டுவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தையும் வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். வாயை அடக்க முடியாமல் மிளகுக்கொடியில் இலை எண்ணினேன். அவன் நன்றாகத்தான் குளிப்பாட்டினான். காதுக்குள் தண்ணீர் போகவில்லை. ஒன்றரை மாத ஊசிக்கும் அவனேதான் தூக்கிக்கொண்டு போனான். வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் "அம்மா வரலையா?" என்று கேட்டார்களாம். நாற்பத்து மூன்றாம் நாள் விடியற்காலை, துணி மாற்றும்போது, பாப்பா முதல்முதலாக அவனைப் பார்த்துத்தான் சிரித்தாள். வயிற்று வாயுவால் வரும் சிரிப்பு இல்லை, ஆளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. வீட்டையே எழுப்பிவிட்டான்.

இப்போது அவன் கோயம்புத்தூரில். சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போகிறான். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் பாப்பா கை காலை உதறுகிறாள். மருமகளுக்கு 26 வாரம் மாசியில் முடிகிறது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. அவள் கம்பெனியில் காப்பகம் இருப்பதாகச் சொல்கிறார்கள், போய்ப் பார்க்க வேண்டும். நானும் கூடப் போய் இருக்கலாம் என்றால், இங்கே எங்கள் வீட்டுக்காரர் விட மாட்டேன் என்கிறார். என்னை இல்லை, பாப்பாவை. அறுபத்தெட்டு வயதில் மகனிடம் டயபர் மாட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார். முன்பக்கத்தைப் பின்பக்கமாகத்தான் மாட்டுகிறார், ஆனாலும் மாட்டுகிறார்.

அண்ணா, உங்கள் மகளுக்குப் பங்குனியில் நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று அண்ணி சொன்னார்கள். மாப்பிள்ளைக்கு எத்தனை நாள் லீவு இருக்கிறது என்று இப்போதே கேட்டு வையுங்கள். அவர் வந்தால் வாசலில் நிறுத்தாதீர்கள். கோடையில் உங்கள் ஊரில் துணி ஒரே வெயிலில் காய்ந்துவிடும், அந்தக் கவலை இல்லை. அவருக்குக் குளிப்பாட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் என் மகன் நம்பர் உங்களிடம் இருக்கிறது.